பலகை பிடிக்கிற வேலை

போன மாதம் கார்த்திக் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். நிலத்தில் பூட்டி நிறுத்துகிற ஓர் இரும்புச் சட்டம். அதன் இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பலகை. கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். கிழமை நாட்களில் கணினி வேலை. சிட்னியில் லிட்கம் என்கிற இடத்தில் நான் இருபத்தாறு வருடம் டேக்வாண்டோ சொல்லிக்கொடுத்த கூடத்தில் இப்போது சனிக்கிழமை வகுப்பை அவர்தான் எடுக்கிறார். படத்துக்குக் கீழே, "அங்கிள், இது இருந்தா பலகை பிடிக்க ஆளே வேண்டாம். வாங்கலாமா? நீங்க வேண்டாம்னுதான் சொல்லுவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று எழுதியிருந்தார்.

தாராளமாக வாங்குங்கோ என்று உடனே பதில் போட்டேன். நான் புதுச் சாமானுக்கு எதிரியில்லை. என் வலது முழங்காலே இப்போது உலோகம்தான். பழையதைவிட அது மரியாதையாக நடந்துகொள்கிறது. அந்தப் பிளாஸ்டிக் பலகை உடைந்தால் திரும்பப் பொருத்தி இன்னொரு தரம் அடிக்கலாமாம். மரம் மிச்சம். இரும்புச் சட்டம் களைக்காது, கண்ணை மூடாது, ஒருவருக்கும் பாவம் பார்க்காது. ஆனால் பதிலை அனுப்பிவிட்டு இரண்டு நாள் நிம்மதியில்லாமல் இருந்தேன். பலகை பிடிக்கிற அந்த வேலையில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். அதில் ஒரு பெண்ணின் கை உடைந்தது. கார்த்திக்குக்கு அது தெரியாது. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளட்டும், நான் அவருடைய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளவில்லையா?

மன்னாரிலிருந்து சிட்னிக்கு வந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. மெத்தை செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மெத்தை தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து மெஷினில் நின்ற கொரியக்காரர் ஒருவர், மருந்தெல்லாம் வேண்டாம் வா என்று லிட்கம் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு கடையின் மேல்மாடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் மாஸ்டரைக் கண்டேன். கூடத்தின் தலைவரை அழைக்கக் கொரிய மொழியில் ஒரு நீண்ட மரியாதைச் சொல் உண்டு. அதற்கு என் நாக்கு வளைய இரண்டு வருடம் எடுத்ததால் இங்கே மாஸ்டர் என்றே எழுதிவிடுகிறேன். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரத்தில் என்னைவிடக் கட்டை. உதைக்கப் பழக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். ஈரத்துணி ஒன்றைத் தந்து நிலத்தைக் காட்டினார். நான் ஒரு மூலையிலிருந்து துடைத்தேன். அவர் மறு மூலையிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். நடுவில் சந்தித்தோம். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

கறுப்பு பெல்ட் எடுக்க எட்டு வருடம் பிடித்தது. அந்த எட்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விழுந்தேன், எழும்பினேன், இடுப்புவலி போய் முழங்கால்வலி வந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் என்னைத் தொழிற்சாலையை விட்டுவிட்டு முழுநேரமாக வந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னார். என் மனுஷி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவவே என் வெள்ளை உடுப்பை அயர்ன் பண்ணித் தந்தா.

மாஸ்டர் ஒருவரையும் பாராட்டியதை நான் கண்டதில்லை. ஏசியதையும் கண்டதில்லை. வகுப்பில் வரிசைக்கு நடுவே நடந்து வருவார். செய்வது சரியென்றால் நிற்காமல் போய்விடுவார். பிழையென்றால் நின்று, தன் பெல்ட்டின் முடிச்சை அவிழ்த்து மெதுவாகத் திரும்பக் கட்டுவார். அந்த நேரத்துக்குள் நமக்கே பிழை விளங்கிவிட வேண்டும். ஒருநாள் எனக்கு முன்னால் நின்று மூன்று தரம் கட்டினார். மூன்றாம் தரம்தான் என் பின்னங்கால் குதி நிலத்தில் இல்லையென்று கண்டுபிடித்தேன். குளிர்காலத்தில் வகுப்பு முடிந்ததும் மண்டரின் தோடம்பழம் உரித்து, தொண்ணூறு கிலோ ஆம்பிளைக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒவ்வொரு சுளை தருவார். இரண்டு சுளை ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

அவர் வாய் திறந்து விளக்கமாகச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று. அது பலகை பிடிக்கிற விதம். தேர்வுகளில் பைன் பலகையை அடித்து உடைக்க வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லோரும் அடிக்கிறவரையே பார்ப்பார்கள். மாஸ்டர் பிடிக்கிறவரைப் பார்ப்பார். பலகைகளை மரக்கடையில் அளவாக வெட்டி எடுத்து வருவோம். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்பார், மூக்கில் வைத்து மணப்பார். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்துவிடும், ஈரப்பலகை இலேசில் உடையாது. அதனால் அவற்றைத் தன் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் அடுக்கி வைப்பார். கணு உள்ள பலகையைத் தள்ளிவிடுவார். நார் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்து, அந்தப் பக்கமே பிளக்கும்படி கையில் தருவார்.

பிடிக்கிறவர் ஒரு காலை முன்னால் மடித்து, பின்னங்காலை நீட்டி ஊன்ற வேண்டும். பலகையின் ஓரங்களை உள்ளங்கையின் அடியால் அழுத்தி, விரல்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். சிராய் கண்ணில் படாமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். முழங்கையைப் பூட்ட வேண்டும். பூட்டினால் பூட்டினதுதான். நீ அசையாமல் நின்றால் அடி பலகையோடு முடியும், நீ பின்வாங்கினால் அடி அடித்தவரின் கைக்குத் திரும்பிப் போகும் என்று மாஸ்டர் தன் அரைகுறை ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். அதையே நான் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி ரெஜினாவின் கதை. என் ஐம்பத்தைந்தாவது வயதில் அவர் எங்கள் கூடத்துக்கு வந்தார். எங்கள் மன்னார்ப் பக்கத்து ஆள். வென்ட்வேர்த்வில்லில் வீடு, முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை, வயது நாற்பத்தேழு. வந்தது தான் பழக அல்ல, மகளைப் பழக்க. வகுப்பு நேரத்தில் சுவரோரக் கதிரையில் இருந்து காத்திருப்பார். பெற்றோர் சும்மா காத்திருப்பது மாஸ்டருக்குப் பிடிக்காது. ஒருநாள் போகிற போக்கில் ரெஜினாவின் மடியில் ஒரு வெள்ளை பெல்ட்டை வைத்துவிட்டு நிற்காமல் போனார். ரெஜினா என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். மகள் ஆறு மாதத்தில் நெட்போல் விளையாடப் போய்விட்டாள். தாய் நின்றுவிட்டார். மகளுக்கு அது வெட்கம். "மம், யூ ஆர் எம்பரசிங்" என்று என் காதுபடவே சொன்னாள். ரெஜினா சிரித்தார்.

அவரோடு ஒரே ஒரு சங்கடம். அவருக்கு அடிக்க வராது. காலைத் தூக்குவார், கையை ஓங்குவார், அடி படுகிற இடத்துக்கு ஓரங்குலம் முன்னால் எல்லாம் நின்றுவிடும். நான் மெத்தைத் துண்டைப் பிடித்தால் அதற்கு மேல் பூப்போல வைப்பார். உங்களுக்கு நொந்துபோகும் சேர் என்பார். வகுப்புக்குள் நான் அவருக்கு சேர், வெளியே அண்ணை. படுக்கையிலிருக்கிறவர்களை நாள் முழுக்கப் பதமாகத் தூக்கி இறக்கிய கை அது, அதற்கு வேறு விதம் தெரியவில்லை. இரண்டு வருடம் நான் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். என்னை நம்புங்கோ, நான் பிடிச்சுக்கொள்ளுவன், முழுப் பலத்தோடை அடியுங்கோ.

சிவப்பு பெல்ட் தேர்வில் அவர் கையின் ஓரத்தால் பலகை உடைக்க வேண்டும். தேர்வு ஒரு சனிக்கிழமை பின்னேரம். காலை வேலையிலிருந்து நேரே வந்தார். கண் வீங்கியிருந்தது. என்னவென்று கேட்டேன். நாலு வருடமாக அவர் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டிய கிழவி ஒருத்தி அன்று விடிய அவருடைய கையைப் பிடித்தபடியே கண்ணை மூடிவிட்டாவாம். இன்னொரு நாள் செய்யலாமே என்றேன். இல்லை, இண்டைக்குச் செய்யிறன் என்றார்.

நான் பலகையைப் பிடித்தேன். அவர் குனிந்து வணங்கினார். மெதுவாக இரண்டு தரம் கையைக் கொண்டுவந்து தூரம் பார்த்தார். அந்த மணிக்கட்டு என் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. முருங்கைக்காய்த் தடிப்புக்கூட இல்லை. அதில் இன்னும் அந்தக் கிழவியின் பிடி இருப்பதுபோல எனக்குப் பட்டது. பாவம், வழக்கம்போல மெல்லத்தானே அடிக்கப் போகிறார், பலகை உடையாது, கையாவது நோகாமல் போகட்டும் என்று நினைத்தேன். அடி வருகிற நேரம் என் முழங்கையை இரண்டங்குலம் தளர்த்தினேன்.

ரெஜினா அன்று முழுப் பலத்தோடு அடித்தார். இரண்டு வருடத்தில் முதல் தரம். கத்திய சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. பலகை உடையவில்லை. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு உடைந்தது. அந்தச் சத்தம் சின்னது, எனக்கும் மாஸ்டருக்கும் மட்டுமே விளங்கியது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். வழி முழுக்க அவர் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார். என்ரை அடி பிழைச்சுப் போச்சு அண்ணை, நீங்கள் கவலைப்படாதேங்கோ என்றார். டாக்டரிடமும் அதையே சொன்னார், வந்து சேர்ந்த கணவரிடமும் அதையே சொன்னார். ஒவ்வொரு தரமும் நான் பக்கத்தில் நின்றேன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி நின்றேன். எலும்பு பொருந்த ஆறு கிழமை மாக்கட்டு. அதற்குப் பிறகும் அந்தக் கை ஆளைத் தூக்குகிற பாரத்தைத் தாங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். தாங்காவிட்டால் அவருக்கு அந்த வேலை இல்லை. பராமரிப்பு வேலையில் கைதானே எல்லாம்.

அடுத்த வகுப்பில் மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. பலகை பிடிக்கிற நேரம் வந்ததும் என் கையிலிருந்ததை வாங்கித் தானே பிடித்தார். எழுபத்துமூன்று வயது மனுஷன். அடி ஒவ்வொன்றுக்கும் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அதற்கடுத்த வகுப்பிலும் அப்படித்தான். மூன்று கிழமை அவர் பிடிக்க நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நல்லவனாக இருந்ததால்தான் அப்படி நடந்தது என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். அந்தக் கதையை நானே நம்பவில்லை.

நாலாம் கிழமை வென்ட்வேர்த்வில்லுக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பைக்கட்டு வடை வாங்கிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்றுதான் வாங்கினேன், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோது என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. ரெஜினா குசினியில் இடது கையால் தேத்தண்ணி போட்டார். உதவிக்குப் போனேன், இருங்கோ அண்ணை என்றுவிட்டார். வேலையிடத்தில் தன்னைத் துணி மடிக்கவும் பூவுக்குத் தண்ணி ஊற்றவும் விட்டிருக்கிறார்கள் என்றார். அறைகளைக் கடந்து போகும்போது அவர் பராமரித்துவந்த முதியவர்கள் ஏன் நீ வாறேல்லை என்று கேட்கிறார்களாம்.

தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே இருந்தார். நான் சொன்னேன்.

"ரெஜினா, அண்டைக்குப் பிழை உங்கட அடியிலை இல்லை. நான் பலகையைப் பின்னுக்கு விட்டனான். தெரிஞ்சுதான் விட்டனான்."

அவர் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு ஏன் என்று கேட்டார்.

"பாவமாக் கிடந்தது."

மாக்கட்டுப் போட்ட கையை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"மூண்டு கிழமையா நான் என்ரை கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறன், சேர். கை உடைஞ்சது பரவாயில்லை, அது பொருந்தும். சண்டை நேரம் என்ரை அண்ணன் காணாமல் போன நாளிலை இருந்து எல்லாரும் என்னைப் பாவம் எண்டுதான் பாக்கினம். கோயில்லை, வேலையிலை, வீட்டிலை. உங்கட இடத்திலைதான் ஒருத்தரும் அப்பிடிப் பாக்கேல்லை எண்டு நினைச்சனான். நீங்கள் நம்பச் சொன்னியள். நான் நம்பித்தான் அடிச்சனான்."

அவர் வீட்டில் வைத்து என்னை சேர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அண்ணை என்ற சொல்லை அவர் எடுத்து உள்ளே வைத்துவிட்டார் என்று விளங்கியது. இனி வரமாட்டன் என்று சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பினார், வடைக்கு நன்றியும் சொன்னார். காருக்குள் இருந்து அழுதேன். வயது போன ஆம்பிளை ஒருவன் ஸ்டேஷன் தெருவில் காருக்குள் இருந்து அழுதால் போகிறவர்கள் குனிந்து பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள்.

மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் தன் பெல்ட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு, நீ வகுப்பை எடு, பலகையை மட்டும் தொடாதே என்றார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். அது தன்னுடைய கையில் இல்லை என்றார். ஐந்து மாதம் நான் பலகையைத் தொடவில்லை. மாணவர்கள் ஏனென்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இலேசாகவில்லை. இரண்டு பேர் வேறு கூடத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ரெஜினாவின் செய்தி எங்கள் மாதா கோயில் ஆட்கள் மூலம் வரும். கட்டு கழற்றியாயிற்று. கை தேற ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிறார். பிறகு ஒருநாள், திரும்ப ஆட்களைத் தூக்குகிற வேலைக்கே விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று என் மனுஷி மெழுகுதிரி கொளுத்தினா. எனக்குச் சந்தோசம்தான், ஆனால் அந்தக் கை இனி ஒருநாளும் முழுப் பலத்தோடு எதையும் அடிக்காது என்ற நினைப்பு போகவில்லை. அவருக்கு இரண்டு வருடம் எடுத்துக் கிடைத்த ஒன்றை நான் ஒரு நொடியில் பறித்துவிட்டேன்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து நானும் மாஸ்டரும் நிலம் துடைத்துக்கொண்டிருந்தோம். ரெஜினா வெள்ளை உடுப்போடு வாசலில் வந்து நின்று குனிந்து வணங்கினார். என்னைப் பார்க்கவில்லை. நேரே மாஸ்டரிடம் போய் ஆங்கிலத்தில் மெல்லிய குரலில் எதையோ கேட்டார். மாஸ்டர் அவருடைய வலது கையை வாங்கி, பொருந்திய எலும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். அலமாரிக்குப் போய் ஒரு பலகையை எடுத்துத் தட்டினார், மணந்தார். அதை ரெஜினாவின் கையில் கொடுத்தார்.

ரெஜினா என் பக்கம் திரும்பினார்.

"நான் பிடிக்கப் போறன், சேர். நீங்கள் அடியுங்கோ."

எத்தனையோ பலகை உடைத்திருக்கிறேன். அன்றைக்குக் கையிலிருந்த துணியை மடித்து வைக்கவே நேரம் எடுத்தேன். என் கை உடைவதில் எனக்குப் பயமில்லை. அவர் பிடி தளர்ந்தால் எனக்குத்தான் நோகும், அது நியாயம். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் என்னால் ஒருமுறை உடைந்த கை இருந்தது. முழுப் பலத்தோடு அதை நோக்கி அடிக்க வேண்டும். மெல்ல அடித்தால் பலகை உடையாது, அதிர்ச்சி முழுக்க அந்த எலும்புக்கே போகும். இரக்கம் பார்த்தால் இரண்டாம் தரமும் நானே உடைப்பேன். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் வந்து நிற்கிறார்.

மாஸ்டர் துணியோடு நிலத்தில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வணங்கினேன். கையைக் கொண்டுபோய்த் தூரம் பார்த்தேன். ரெஜினாவின் பின்னங்கால் நீண்டு ஊன்றியிருந்தது. விரல்கள் பின்னுக்கு இழுத்திருந்தன. முழங்கை பூட்டியிருந்தது. முகத்தை மட்டும் திருப்பவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சிராய் படும், முகத்தைத் திருப்புங்கோ என்றேன். திருப்பினார்.

அடித்தேன். உடைந்தது. அவருடைய கைகள் ஒரு நூல்கூட அசையவில்லை.

அவர் துண்டுகளைக் கீழே வைத்தார். மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு தானே அலமாரிக்குப் போய் இன்னொரு பலகை எடுத்தார். நார் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று திருப்பிப் பார்த்து, சரியான பக்கமாக அதை என் கையில் வைத்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தலையை அசைக்கவும் இல்லை, பெல்ட்டைத் தொடவும் இல்லை. நிலத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

பின்னங்காலை ஊன்றினேன். ரெஜினா எனக்கு முன்னால் வந்து நின்று தூரம் பார்த்தார். அதே மெல்லிய மணிக்கட்டு. எனக்கு அப்போதும் அவரில் இரக்கம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். பயமும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டே முழங்கையைப் பூட்டினேன். முகத்தைத் திருப்பினேன். அவர் கத்தின சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு என் இரண்டு தோளும் பின்னால் கழன்று போனதுபோல ஓர் அடி.

திரும்பிப் பார்த்தபோது என் ஒவ்வொரு கையிலும் பாதிப் பலகை இருந்தது. ரெஜினா தன் கையைப் பார்க்கவேயில்லை. மூச்சு வாங்க நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நொந்ததோ, அண்ணை?"

"ஓம்," என்றேன். "நல்லா நொந்தது."